இருப்பது உறுதியில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இந்தக் கதையில் பாதிதான் நான் கண்ணால் பார்த்தது. மீதிப் பாதி சர்வே படகில் சமையல் செய்கிற ஞானதிரவியம் அண்ணன் சொல்லிக் கேட்டது. நல்ல மனிதர். ஆனால் ஒரே மீனின் நீளத்தைக் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் கையை விரித்துக் காட்டுவார். அதனால் எது நான் பார்த்தது, எது அவர் சொன்னது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே வருகிறேன். எங்கள் ஆபீசில் அப்படித்தான் பழக்கம்.

உங்கள் மடியில் இருக்கிற அந்தக் கயிற்றை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் கொடுத்திருக்கிறீர்கள், இதுகூடச் செய்ய மாட்டேனா. கொடி கட்டித் துணி காயப்போடவா? இவ்வளவு தடிமனாகவா? சரிதான், ஜமுக்காளம்கூடக் காயப்போடலாம்.

நிலத்தை அளக்க ஆபீஸ் இருக்கிறது அல்லவா, அதுபோலக் கடலை அளக்கவும் ஒன்று இருக்கிறது. எங்கே எவ்வளவு ஆழம், எங்கே பாறை, எங்கே கப்பல் மூழ்கிக் கிடக்கிறது என்றெல்லாம் படம் போட்டுக் கப்பல்காரர்களுக்குக் கொடுப்போம். கடலை வரைகிற எங்கள் தலைமை அலுவலகத்தில் ஜன்னலைத் திறந்தால் மலைதான் தெரியுமாம். நான் போனதில்லை, கேள்விப்பட்டதுதான். நான் இங்கே தூத்துக்குடிக் கிளையில் ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். "எம் மக கப்பல்ல இருக்கா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நான் கப்பலில் ஏறியதே கிடையாது அக்கா. பஸ்ஸிலேயே எனக்குக் குமட்டும். இதை அப்பாவிடம் பல தடவை விளக்கிவிட்டேன். "அதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு" என்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேலை போனால் எனக்கு மட்டும் போகாது, ஒரு தெருவுக்கே போகும். அதனால்தான் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசுவேன்.

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த விதி. கடலில் ஓர் அபாயம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதும், படத்தில் சேர்த்துவிடுவோம். பக்கத்தில், இருப்பது உறுதியில்லை என்பதற்கு ஒரு குறி போடுவோம். ஆனால் அதை நீக்க வேண்டுமென்றால் யார் சொன்னாலும் நடக்காது. கப்பல் போக வேண்டும், அங்கே அளக்க வேண்டும், ஒன்றுமே இல்லை என்று கண்டறிய வேண்டும். சேர்க்க ஒரு வாய், நீக்க ஒரு கப்பல். ஏன் என்றால், இல்லாத பாறையைப் பார்த்துப் பயந்து விலகிப் போனால் கொஞ்சம் டீசல்தான் நஷ்டம். இருக்கிற பாறையை இல்லை என்று நம்பினால் கப்பலே போய்விடும். யாரோ ஒரு கேப்டன் என் தாத்தா காலத்தில் பார்த்ததாகச் சொன்ன பாறை ஒன்று இன்னும் எங்கள் படத்தில் இருக்கிறது. அவருக்குப் பிறகு அதை ஒருவரும் பார்த்ததில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பாறை இருக்கிறது. உறுதியில்லாமல் இருக்கிறது.

இந்த விதியை மீனவர் ஊர்களில் போய் விளக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். கடலில் ஏதாவது கண்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று கேட்க வேண்டும், படிவம் கொடுக்க வேண்டும். நான் முதலில் போன ஊர் சிப்பிமுனை. ஆண்கள் யாரும் வரவில்லை. கரை மணலில் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள், மீன் ஏலம் முடிந்த கையோடு. ஏலம் போடுகிறவர் சகாயப் பிரகாசி என்று ஓர் அக்கா. அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. நான்தான் மைக் கொண்டுபோயிருந்தேன். அதை நிறுத்த இடமில்லாமல் ஒரு பழைய வள்ளத்தில் சாய்த்துக் கட்டினோம். அந்த வள்ளத்துக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வள்ளம் ஓடாதாக்கா?" என்று கேட்டேன், பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று.

"அடிக்கட்டை போயிட்டும்மா. எங்க வீட்டுக்காரருக்கு இத விக்கவும் மனசு வரல, ஒடைக்கவும் மனசு வரல. கெடக்கு. என்னைக்காச்சும் ஒதவும்."

நீல வள்ளம், நடுவில் மஞ்சள் கோடு. ஓட்டையை அடைக்க எண்ணெய் டின் தகரத்தை வெட்டி ஆணியடித்திருந்தார்கள். தகரத்தில் எண்ணெய்க் கம்பெனி முத்திரையான சூரியன் பாதி தெரிந்தது. என் பையை அதன் மேல்தான் வைத்திருந்தேன்.

அவர்களுக்கு அன்றைக்கு இருந்த கவலை வேறு. ஊருக்கு எதிரே கடலுக்கடியில் கூனிப்பார் என்று ஒரு பாறைத் திட்டு. அதை ஒட்டிய சேற்றுத் தரையில்தான் சின்ன வள்ளங்கள் வலை போடும். பெரிய துறைமுகத்து விசைப்படகுகள் அங்கே வந்து தரையோடு தரையாக மடியை, அதாவது பெரிய இழுவலையை, இழுத்துக்கொண்டு போகும். மீனும் போகும், இவர்கள் போட்ட வலையும் அதோடு போகும். மனுக் கொடுத்துப் பார்த்தார்களாம். மறியல் செய்தார்களாம். நான் வந்ததும் பிரகாசி அக்கா முதலில் கேட்டதே அதுதான், "விசைப்படக நிப்பாட்ட முடியுமா ஒங்களால?"

"அது எங்க வேலை இல்லக்கா. நாங்க படம் மட்டும்தான் போடுவோம்" என்றேன். உண்மை அதுதானே.

அவர் முகம் வாடிவிட்டது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் விதியைக் கொஞ்சம் விரிவாகவே விளக்கினேன். விளக்க விளக்கப் பிரகாசி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு ஆர்வமான கூட்டத்தை நான் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

"ஒரு ஆளு சொன்னாப் போதுமா?"

"போதும்க்கா."

"பொம்பளையாளு சொன்னா?"

"யார் சொன்னாலும்."

"சொன்ன ஒடனே கப்பல் வந்து பாக்குமோ?"

"உடனே வராது. கப்பலுக்கு வரிசை இருக்கு. பெரிய துறைமுகமெல்லாம் முடிச்சிட்டுத்தான் இந்தப் பக்கம் வரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் படத்துல இருக்கும்."

"விசைப்படகுக்காரனுக்கும் அந்தப் படம் போவுமா?"

"எல்லாருக்கும் போகும். மீன்துறை வழியா மைக்லகூடச் சொல்லுவாங்க. அப்புறமும் அங்க போயி மடி கிழிஞ்சா இன்சூரன்ஸ்காரங்க கைய விரிச்சிருவாங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "யாராச்சும் பொய் சொன்னா என்ன செய்வியளாம்?"

"கடல் விஷயத்துல யாருக்கா பொய் சொல்லப்போறாங்க" என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது.

படிவம் வந்து சேர்ந்தது. நான் போட்ட முதல் கூட்டத்துக்கு வந்த முதல் படிவம். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. பிரகாசி அக்காவே கைப்பட எழுதியிருந்தார். கூனிப்பாருக்குக் கிழக்கே சேற்றுத் தரையில் படகு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது, மடி மாட்டும். இடத்தின் ஜிபிஎஸ் கணக்கைப் பிசிறில்லாமல் குறித்திருந்தார். எங்கள் கண்காணிப்பாளர் பத்மநாபன் சார், நாகர்கோவில்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"மீன்பிடி வலை மாட்டும்னு எழுதல. மடி மாட்டும்னு எழுதியிருக்கா" என்றார்.

"எதுவா இருந்தாலும் மாட்டும்ல சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். விதி அப்படி. அறிவிப்பு வெளியானது. படத்தில் ஒரு சின்னக் குறி, பக்கத்தில், இருப்பது உறுதியில்லை.

விசைப்படகுகள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டன. பிரகாசி அக்கா எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு அனுப்பினார். இது லஞ்சமா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நேராகப் பத்மநாபன் சார் மேசையில் கொண்டுபோய் வைத்து, "சார், இத என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "வறுக்கணும்" என்றார். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாசியில் ஊர்த் திருவிழா என்று பிரகாசி அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் அனுப்பினார். பட்டுச்சேலை கட்டி, எல்லாப் பெண்களும் கரையில் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் ஒன்னாலதான் தங்கம்" என்று எழுதியிருந்தார். எதற்கு என்னால் என்று எனக்குப் புரியவில்லை. பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. விசைப்படகு உரிமையாளர் சங்கத்திலிருந்து மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. அங்கே படகும் இல்லை, கிடகும் இல்லை, எங்கள் ஆட்கள் அந்த இடத்தில் காலங்காலமாக மடி இழுத்திருக்கிறார்கள், ஒரு நூல்கூட மாட்டியதில்லை, இது திட்டமிட்ட பொய் என்று. படிவத்தைப் பெற்றவர் பெயர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கும்? செண்பகவல்லி. நான்தான்.

பத்மநாபன் சார் கூப்பிட்டார். "செண்பகம், அந்த ஊர்ல போயி நீ என்னத்த சொன்ன?"

"கையேட்டுல உள்ளதச் சொன்னேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் சார்."

"கப்பல் லேட்டா வரும்ங்கதையும்?"

"கேட்டாங்க சார். கேட்டா எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சர்வே படகு அடுத்த துறைமுகத்துக்குப் போகிற வழியில் கூனிப்பாரைப் பார்த்துவிட்டுப் போகும் என்று உத்தரவாகிவிட்டதாம். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பொய்த் தகவல் வாங்கியது என்று என் பெயரில் குறிப்பு ஏறும். குறிப்பு ஏறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. "நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? கப்பலில் இருந்து இறக்கிவிட்டுவிட்டார்கள் என்றா? நான் ஏறவே இல்லையே. யோசித்து யோசித்து, சம்பந்தப்பட்டவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை என்று பிரகாசி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நீங்க எழுதினது நெசம்தானே?"

"ஏம்மா இப்பிடிக் கேக்க? என்ன ஆச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தகவல் கொடுத்தவருக்கு நடப்பு தெரிய வேண்டும் அல்லவா? மறுமுனையில் யாரையோ சும்மா இருக்கச் சொல்லி அதட்டினார்.

"அக்கா?"

"ஒன் வேல போயிருமா?"

"போயிரும்க்கா."

"கப்பல் என்னைக்கு வருது?"

"அதச் சொல்லக் கூடாதுக்கா. ரகசியம். ஈஸ்டர் கழிஞ்சுதான் வரும்ங்கறதத் தவிர என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"அது போதும்" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீ சாப்பிட்டியா? போயி சாப்புடு. இருக்கதா நான் எழுதிக் குடுத்திருக்கேன்லா, இருக்கும்" என்றார். அவ்வளவு உறுதியாக ஒருவர் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இரண்டு தோசை சாப்பிட்டேன்.

இனி வருவது ஞானதிரவியம் அண்ணன் சொன்னது. நான் அந்தப் படகில் இல்லை.

படகு கூனிப்பாருக்கு வந்தது. கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தரையைப் படம் எடுப்பார்கள். வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி மேலும் கீழுமாகப் போய்வந்தார்களாம். வெறும் சேறு. மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் சேறு. அதிகாரி, "போதும், இல்லேன்னு எழுதிரலாம்" என்று சொல்லிவிட்டாராம். அப்போது ஞானதிரவியம் அண்ணன் சோறு இன்னும் வேகவில்லை என்று சொன்னாராம். சும்மா நிற்பதற்கு இன்னொரு சுற்று போகலாம் என்று போனார்களாம். "நான் ஒல லேட்டா வச்சதாலதான் ஒன் வேல பொழச்சுது" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த இடத்தில் நான், இருப்பது உறுதியில்லை என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சுற்றில் திரையில் ஒரு நிழல் விழுந்தது. பிரகாசி அக்கா எழுதிக் கொடுத்த அதே இடம். கேமராவை இறக்கினார்கள். அந்தப் படத்தை ஆபீசில் நானே பார்த்தேன், அதனால் இது உறுதி. ஒரு வள்ளம். நீல நிறம், மஞ்சள் கோடு. உள்ளே பாறாங்கல்லை யாரோ அடுக்கி வைத்த மாதிரி வரிசையாகக் கற்கள். கற்களைச் சுற்றி நீலக் கயிறு, பாசி பிடிக்காமல் புத்தம்புதியதாக, உங்கள் மடியில் இருக்கிற மாதிரியே. பக்கவாட்டில் ஒரு தகரம். தகரத்தில் பாதிச் சூரியன்.

எண்ணெய் டின் எல்லாக் கடையிலும்தான் விற்கிறது அக்கா. நீலப் பெயின்ட் இந்தக் கடற்கரை முழுக்க அடிக்கிறார்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பத்மநாபன் சார் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கல்லெல்லாம் நல்லா அடுக்கியிருக்கே" என்றார்.

"நீரோட்டமா இருக்கும் சார்" என்றேன்.

"ஆமா. நீரோட்டத்துக்கு முடிச்சும் போடத் தெரியும் போல." ஆனாலும் கையெழுத்துப் போட்டார். படகு இருக்கிறதா என்பதுதான் கேள்வி, இருக்கிறது. எப்போது மூழ்கியது என்று எங்கள் படிவத்தில் கேள்வியே கிடையாது. விசைப்படகுச் சங்கத்துக்குப் பதில் போனது. உறுதியில்லை என்ற குறி நீங்கியது. இப்போது அது உறுதியாக இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் கிரேன் வர வேண்டும். எனக்கு ஒப்பந்தம் புதுப்பித்து வந்துவிட்டது. அப்பா தெருவுக்கே சீரணி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், மகளுக்குப் பெரிய கப்பலாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று.

நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று சிப்பிமுனைக்குப் போனேன். அன்றைக்கு மைக் கட்டிய இடத்தைத் தேடினேன். மணல்தான் இருந்தது. "வள்ளம் எங்கக்கா?" என்றேன். "வெறகுக்குக் குடுத்தாச்சு" என்றார் பிரகாசி அக்கா. பக்கத்தில் நின்ற அவர் வீட்டுக்காரர் கஸ்பார் அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ரெண்டு நாளு சாப்புடல இந்த மனுசன்" என்றார் அக்கா மெதுவாக. "அந்த வள்ளத்துலதான் எங்க கல்யாணத்தன்னைக்கு என்னைய எங்க ஊர்லருந்து கூட்டிட்டு வந்தாவ." பிறகு, "ஏலத்துக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார். விறகுக்குக் கொடுத்ததற்கே மனிதருக்கு இவ்வளவு வருத்தம்.

என் மனத்தாங்கல் என்ன தெரியுமா அக்கா? ஆபீசில் எல்லாரும் என்னைப் பார்த்து, "நீதானே சொல்லிக் கொடுத்த" என்று கேலி செய்கிறார்கள். நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். நாளைக்கு நீங்கள் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், ஒரு ஆள் போதும். இல்லை, எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, யாராவது எழுதலாம், கைநாட்டு போதும். இந்த வருஷக் கப்பலா? இப்போதைக்கு இந்தப் பக்கம் வராது, ரிப்பேருக்குப் போயிருக்கிறது. படிவம் பையில் இருக்கிறது, இந்தாருங்கள். ரெண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கசங்கினால் இன்னொன்று. உங்கள் ஊரிலும் விசைப்படகுத் தொல்லையா? எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த ஸ்டாப்பா? அட, பிரகாசி அக்கா உங்கள் நாத்தனாரா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான்பாட்டுக்குத் தெரிந்த கதையையே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பார்த்து எழுந்திருங்கள், கயிறு வழியில் விழுகிறது.

அப்படியென்றால் உங்களுக்கு அந்தக் கோழியைத் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. போன வாரம் அந்தத் திருவிழாப் போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்களுக்குப் பின்னால் நீல வள்ளம் நிற்கிறது, தகரமும் சூரியனும் தெளிவாகத் தெரிகின்றன. போட்டோ எடுத்த தேதியையும் எங்கள் அறிவிப்பின் தேதியையும் வைத்துச் சரிபார்த்தேன். அறிவிப்புதான் முந்தியது. கப்பல்களையெல்லாம் விலகிப் போகச் சொல்லி நாங்கள் எச்சரித்துக்கொண்டிருந்தபோது அந்த அபாயம் கரையில் இருந்திருக்கிறது, அதற்குள் கோழி உட்கார்ந்திருக்கிறது.